வழக்குப் போட உங்களுக்குத் தகைமை இருக்கிறதா? மலையகத்தில் முதல்முறை கோட்டுக்குப் போகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா, பதுளை, கண்டி என்று எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும், நடந்த அநியாயத்தைப் பேசத் தொடங்குவதற்கு முன்பே எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து ஒரு கேள்வி கேட்கலாம்: "இந்த வழக்கைப் போட இவர் யார்?" இதற்குச் சரியான பதில் இல்லாவிட்டால், அநியாயம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மனு அங்கேயே தள்ளுபடியாகிவிடும். சட்டத்தில் இதை வழக்கிடும் தகைமை என்பார்கள். தள்ளுபடியான பிறகு சரியான ஆளைக் கொண்டு மறுபடி போடலாமே என்று நினைப்பீர்கள். ஆனால் அதற்குள் ஒரு மாதம், ஆறு மாதம் என்ற காலக்கெடு தாண்டியிருக்கும். அதனால்தான் இந்தக் கேள்வியை மனு எழுதுவதற்கு முன்பே நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள்

சட்டத்தரணியைப் பார்க்கப் போவதற்கு முன் இதைச் செய்யுங்கள். யாருக்குப் பாதிப்பு? அவருடைய எந்த உரிமை பறிபோனது? பறித்தது யார்? என்றைக்கு நடந்தது? நீதிமன்றம் என்ன செய்து தர வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் ஒரே வரிதான்.

முதல் வரியில் "நாங்கள்", "தோட்டத்து ஜனங்கள்", "எங்கள் டிவிஷன்" என்று வந்தால் நின்று யோசியுங்கள். நீதிமன்றத்துக்குப் பெயரும் முகவரியும் உள்ள ஆள் வேண்டும். இரண்டாவது வரியில் "மனவருத்தம்", "அவமானம்", "நியாயமில்லை" என்று மட்டும் இருந்தால் அதுவும் போதாது. சிவில் நடவடிக்கைமுறைக் கோவையின் 5ஆம் பிரிவு, வழக்கிடுவதற்கான காரணம் எது என்பதைச் சொல்கிறது: ஓர் உரிமையை மறுப்பது, ஒப்புக்கொண்ட கடப்பாட்டை நிறைவேற்ற மறுப்பது, செய்ய வேண்டிய கடமையைச் செய்யாமல் விடுவது, நேரடியாகத் தீங்கு செய்வது. உங்களுக்கு நடந்தது இந்த நான்கில் எதற்குள் அடங்குகிறது என்று பாருங்கள். ஐந்தாவது வரியையும் கவனமாக எழுதுங்கள். நீங்கள் கேட்பதை அந்த நீதிமன்றத்தால் தரவே முடியாது என்றால், வந்த இடம் பிழை. நீதவான் நீதிமன்றத்தில் போய்க் காணி உரித்தைத் தீர்த்துத் தரச் சொல்ல முடியாது.

பெயர் ஒன்றா, நான்கா?

மலையகத்தில் தகைமைப் பிரச்சினை பெரும்பாலும் சட்டப் புத்தகத்தில் தொடங்குவதில்லை, பெயரில்தான் தொடங்குகிறது. பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி. அடையாள அட்டையில் லக்ஷ்மி. செக்ரோலில் (தோட்டத்தின் வேலை, சம்பளப் பதிவேட்டில்) லச்சுமி. ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) கணக்கில் தகப்பன் பெயர் முன்னுக்கும் தன் பெயர் பின்னுக்கும் மாறி, முதலெழுத்தும் வேறு. தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதி, அதை ஆங்கிலத்தில் எழுதி, திரும்பத் தமிழுக்குக் கொண்டுவரும்போது ஒரே ஆள் மூன்று நான்கு ஆளாகிவிடுகிறார். "மனுதாரரும் இந்த ஆவணத்தில் உள்ள தொழிலாளியும் ஒருவரே என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று எதிர்த்தரப்பு கேட்பது இந்த இடத்தில்தான்.

இதைச் சரிசெய்யும் ஒழுங்கு இப்படி. அடையாள அட்டையில் உள்ள பெயரை மனுவின் முதற் பெயராக எழுதுங்கள். மற்ற ஆவணங்களில் உள்ள பெயர்களை ஒன்றுவிடாமல் "எனவும் அழைக்கப்படும்" என்று அதன் பின்னால் சேருங்கள். எல்லாப் பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் இருந்தால் இன்னும் பலம். பிறந்த திகதியும் மாறியிருந்தால் அதையும் அந்தச் சத்தியக் கடதாசியிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்து, பிறகு எதிர்த்தரப்பு கண்டுபிடித்தால் உங்கள் மற்றப் பேச்சும் எடுபடாது. ஆவணங்களைத் திருத்தும் வேலை நீளமானது. அது முடியட்டும் என்று காத்திருந்து காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். வழக்கைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் அதையும் செய்யுங்கள்.

வேலை சம்பந்தமான வழக்குகள்

வேலையிலிருந்து நிறுத்தினால் தொழில் நியாய சபைக்குப் போகலாம். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவு யார் விண்ணப்பிக்கலாம் என்று தெளிவாகவே சொல்கிறது: ஒன்று, தொழிலாளி தானே போகலாம், அல்லது, அவர் அங்கத்தவராக உள்ள தொழிற்சங்கம் அவருக்காகப் போகலாம். வேறு யாரும் இல்லை. புருஷன் பெண்சாதிக்காகவோ, தோட்டத் தலைவர் தன் ஆட்களுக்காகவோ தங்கள் பெயரில் விண்ணப்பிக்க முடியாது. வேலை நின்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். துரையோடு (தோட்ட முகாமையாளரோடு) பேசிக்கொண்டிருக்கிறோம், சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று ஐந்து மாதத்தைக் கடத்துவது வழக்கமாக நடக்கிறது. பேச்சுவார்த்தை நடந்தாலும் காலக்கெடு நிற்காது.

சங்கம் மூலம் போவதென்றால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். சங்கம் 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவானதா? பதிவான சங்கம் தன் பெயரிலேயே வழக்கிடலாம், பதிவில்லாதது முடியாது. அடுத்தது, விண்ணப்பிக்கும்போது நீங்கள் அதன் அங்கத்தவரா? சந்தா சம்பளத்தில் வெட்டப்படுகிறது என்றால் சம்பளச் சீட்டே அதற்குச் சாட்சி. சங்கம் மாறியவர்கள் கவனம்: பழைய சங்கத்துக்குச் சந்தா வெட்டிக்கொண்டிருக்க, புதிய சங்கம் உங்களுக்காக மனுப்போட்டால் கேள்வி வரும். மாறிய கடிதத்தின் பிரதியைக் கையில் வைத்திருங்கள்.

இப்போது பல தோட்டங்களில் இன்னொரு சிக்கல். நாட்சம்பளம் தருவதை விட்டு, மலையைப் பிரித்துக் கொடுத்து, பறித்த கொழுந்துக்குக் கிலோ கணக்கில் காசு தருகிறார்கள். கொந்தராத்துக்காரர் மூலம் ஆள் எடுப்பதும் உண்டு. பிணக்கு வந்தால், "இவர் எங்கள் தொழிலாளியே இல்லை, நியாய சபைக்கு வரத் தகைமை இல்லை" என்பதுதான் முதல் ஆட்சேபம். கையெழுத்திட்ட தாளில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதோடு விசாரணை முடிந்துவிடாது. வேலையை மேற்பார்த்தது யார், உரமும் கத்தியும் யாருடையது, கொழுந்தை வேறு இடத்தில் விற்க விட்டார்களா, ஈபிஎப் வெட்டினார்களா, வராத நாளுக்குத் தண்டனை உண்டா என்பதையெல்லாம் பார்ப்பார்கள். அதனால் கொழுந்து எடை பார்த்த துண்டு, சம்பளச் சீட்டு, கணக்கப்பிள்ளை எழுதிய குறிப்பு எதையும் எறியாதீர்கள்.

பணிக்கொடைக்கு (வேலை முடியும்போது தரும் தொகைக்கு) வழி வேறு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலைசெய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு அது உரித்து. மாதச் சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாட் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிட வேண்டும். 15 பேருக்குக் குறைந்த இடமென்றால் தொழில் நியாய சபை. தொழிலாளி இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகளுக்கு அந்தப் பணம் சேரும்.

ஈபிஎப் விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்தருநரின் 12 வீதமும் கட்டப்படவில்லை என்றால் பாதிக்கப்பட்டவர் நீங்கள்தான். ஆனால் அந்த நிலுவையை அறவிட நீதவான் நீதிமன்றத்துக்குப் போகிறவர் தொழில் ஆணையாளர். நீங்கள் முறைப்பாட்டாளர், வழக்காளி அவர். ஆகவே தனிச் சட்டத்தரணிக்குக் காசு கட்டுவதற்கு முன், மாவட்டத் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, இலக்கமிட்ட பற்றுச்சீட்டை வாங்குங்கள். அலுவலகம் அசையாமல் இருந்தால், அப்போது கேட்க வேண்டியது கம்பனியை அல்ல, அந்த அலுவலகத்தை. அதற்கான றிட் (அதிகாரிக்கு நீதிமன்றம் இடும் கட்டளை) வழியைக் கீழே பாருங்கள்.

லயமும் காணியும்

காணி வழக்கில் தகைமை என்பது உங்களுக்கும் அந்தக் காணிக்கும் உள்ள உறவு. உறுதி (காணிப் பத்திரம்) உங்கள் பெயரில் இருந்தால், மற்றவரை வெளியேற்றக் கேட்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். உரித்தை ஒப்புவிக்கும் பொறுப்பு உங்களுடையது, எதிராளிக்கு உரித்தில்லை என்று காட்டுவது போதாது. பங்குக் காணியென்றால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் எந்தப் பங்காளியும் வழக்கிடலாம். ஆனால் மற்றப் பங்காளிகள் எல்லோரையும் காட்ட வேண்டும்.

லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) இருப்பவருக்கு நிலைமை வேறு. அவரிடம் உறுதி இல்லை. குடியிருக்க விட்ட இடத்தில் இருப்பவர் என்பதுதான் சட்ட நிலை. அதற்காக அவருக்கு நீதிமன்றக் கதவு மூடியிருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். இருப்பிடத் தகராறு கைகலப்பில் முடியும் அபாயம் இருந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ், பொலிஸார் அறிக்கையிடலாம். பொலிஸ் அசையாவிட்டால் தகராற்றின் ஒரு தரப்பே சத்தியக் கடதாசியோடு நேரடியாகப் போகலாம். அங்கே உரித்தைப் பார்ப்பதில்லை. அந்த நாளில் யார் கைவசத்தில் இருந்தது என்பதைத்தான் பார்ப்பார்கள். பலவந்தமாக வெளியேற்றியிருந்தால், தகவல் தாக்கல் செய்த திகதிக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் அது நடந்திருக்க வேண்டும். இரண்டு மாதம் சீக்கிரம் ஓடிவிடும். வெளியேற்றிய அன்றே பொலிஸில் முறைப்பாடு எழுதி, அதன் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திகதிக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

கைவசத்தைத் திரும்பப் பெற மாவட்ட நீதிமன்றத்தில் போடும் வழக்குக்கு, காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி ஒரு வருடம் தரப்படுகிறது. ஆனால் தனக்கே சொந்தம் என்று வைத்திருந்தவருக்குத்தான் அந்த வழக்கு பொருந்தும். மற்றவரின் அனுமதியில் இருந்தவர் அதை நம்பிப் போகக் கூடாது. பத்து வருடம் இருந்தேன், ஆட்சியுரிமை வந்துவிட்டது என்ற வாதமும் அரச காணிக்கு எதிராகச் செல்லாது. தோட்டக் காணிகளில் பெரும்பகுதி ஜனவசமவுக்கோ (மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை) அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கோ உரியது. 1992இலிருந்து கம்பனிகள் நிர்வகித்து வருபவை. இதைத் தெரியாமல் ஆட்சியுரிமை கேட்டு வழக்கிட்டால், தோற்பதோடு செலவுத்தொகையும் தலையில் விழலாம்.

ஏழு பேர்ச்சஸ் காணிக்கு உறுதி கிடைத்த குடும்பங்கள் அதில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கணவன் பெயர் மட்டுமென்றால் மனைவிக்கு அந்தக் காணியில் நேரடியாக வழக்கிடும் நிலை இல்லை. இரண்டு பெயரும் இருந்தால் இருவரில் ஒருவரும் போகலாம்.

குடும்பத்துக்குள்

இங்கே சட்டம் தாராளமாகவே இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் மனைவி தனக்காகவும் பிள்ளைக்காகவும் நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். 18க்கும் 25க்கும் இடைப்பட்ட பிள்ளை தானே பெற்றோரிடம் கேட்கலாம். வீட்டு வன்முறைக்கு எதிராக 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்க, அடிபட்டவரே வர வேண்டும் என்றில்லை. அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தர் விண்ணப்பிக்கலாம். பிள்ளைக்காகத் தாய், தகப்பன், பாதுகாவலர், பிள்ளை யாரோடு இருக்கிறதோ அவர் விண்ணப்பிக்கலாம். தாய் வெளிநாட்டில், பிள்ளை அம்மாயியோடு (தாயின் தாயோடு) என்றால் அம்மாயிக்கே அந்தத் தகைமை உண்டு.

கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் வாழ்ந்தவர்கள் மனம் தளர வேண்டாம். வழக்காற்றுச் சடங்குகளோடு நடந்த திருமணத்தைச் சட்டம் ஏற்கிறது, ஒப்புவிப்பதுதான் கஷ்டம். குருக்கள், கலியாணத்துக்கு வந்த இரண்டு மூத்தவர்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் "பெற்றோர் விவாகமானவர்கள்" என்ற பதிவு, வாக்காளர் இடாப்பு ஆகியவற்றைச் சேருங்கள்.

அரசாங்கத்துக்கு எதிராக: அடிப்படை உரிமை மனு

அரசியலமைப்பின் 17ஆம், 126ஆம் உறுப்புரைகளின் கீழ், நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டவர், அல்லது மீறப்படப் போகிறவர், கொழும்பில் உள்ள உயர் நீதிமன்றத்துக்கு நேரே போகலாம். காலம் ஒரு மாதம். இந்த ஒரு மாதத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இதில் மூன்று இடங்களில் ஆட்கள் விழுகிறார்கள். முதலாவது, எதிராளி அரசாக இருக்க வேண்டும். பொலிஸ், பிரதேச செயலகம், அரச பாடசாலை, திணைக்களம் சரி. தனியார் கம்பனியின் துரை திட்டினார், அடித்தார் என்பதற்கு வேறு வழிகள் உண்டு. இந்த மனு அல்ல. இரண்டாவது, உரிமையின் சொற்களைப் பாருங்கள். சட்டத்தின் முன் சமம் என்ற 12(1), சித்திரவதைக்கு எதிரான 11, கைதுபற்றிய 13 ஆகியவை எல்லா ஆட்களுக்கும். இனம், மொழி காரணமான பாகுபாட்டுக்கு எதிரான 12(2), பேச்சு, ஒன்றுகூடல், தொழிற்சங்கம் ஆகியவை பற்றிய 14 ஆகியவை பிரசைகளுக்கு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரசாவுரிமை இழந்த நம் சமூகத்துக்கு இந்த ஒரு சொல்லின் பாரம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு அந்தக் கதவு திறந்தது. ஆனாலும் பழைய பதிவுச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

மூன்றாவது, மனுவில் யார் வரலாம் என்பது. பாதிக்கப்பட்டவர் தானே வரலாம், அல்லது அவர் சார்பில் சட்டத்தரணி ஒருவர் வரலாம். அட்டோர்னித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட ஒருவர் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வைத்திருக்கும் தம்பி சட்டத்தரணி ஆகமாட்டார். அவர் மனுதாரராக வர முடியாது. பாதிக்கப்பட்டவர் தடுப்பில் இறந்துவிட்டால்? சிறியானி சில்வா எதிர் இத்தமல்கொட என்ற வழக்கில், பொலிஸ் தடுப்பில் சித்திரவதைக்குப் பின் இறந்தவரின் மனைவிக்கு மனுத் தொடரும் தகைமை உண்டு என்று உயர் நீதிமன்றம் ஏற்றது. அதற்கு முன்பு இந்த இடத்தில் சட்டம் கையை விரித்துக்கொண்டிருந்தது: உயிரோடு இருப்பவரைச் சித்திரவதை செய்தால் வழக்கு, கொன்றுவிட்டால் வழக்கிட ஆளில்லை.

ஒரு மாதத்துக்குள் கொழும்புக்குப் போக வழியில்லாதவர்கள், அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். கண்டியிலும் பதுளையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. அங்கே மற்றொருவர் சார்பிலும் முறையிட முடியும். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13(1)ஆம் பிரிவுப்படி, அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவின் கடிதம் வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

பொதுநலனுக்காக வரலாமா என்ற கேள்விக்கு 2000ஆம் ஆண்டின் எப்பாவல பொஸ்பேற் வழக்கு நல்ல பதில். சுரங்கத் திட்டத்தால் பாதிக்கப்படவிருந்த ஏழு பேர் வந்தார்கள். இது பொதுப் பிரச்சினை, இவர்களுக்குத் தனித் தகைமை இல்லை என்று எதிர்த்தரப்பினர் ஆட்சேபித்தார்கள். பொதுமக்களின் உரிமையோடு சேர்ந்திருப்பதால் தனிமனிதனின் உரிமை இல்லாமல் போய்விடாது என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. மலைச்சரிவை வெட்டும் கல்குவாரிக்கு எதிராகப் போகிறவர்கள் இதிலிருந்து பாடம் எடுக்கலாம்: "சூழல் கெடுகிறது" என்று மட்டும் எழுதாமல், குவாரியிலிருந்து என் வீடு எவ்வளவு தூரம், என் பீலித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, என் சுவரில் எப்போது வெடிப்பு வந்தது என்று எழுதுங்கள்.

றிட் மனு: அதிகாரியை அசைக்க

அதிகாரி ஒருவரின் பிழையான முடிவை இரத்துச் செய்ய ஒரு வகை, செய்ய வேண்டியதைச் செய்யவைக்க இன்னொரு வகை. மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின் கீழும், பிரதேச சபை போன்ற மாகாணசபை விடயங்களுக்கு மாகாண மேல் நீதிமன்றத்துக்கு 154ஆம் உறுப்புரைத் தொகுதியின் கீழும் போகலாம். முடிவை இரத்துச் செய்யக் கேட்பவருக்கு தகைமை விரிவானது. 1991இல் வெளியான பிரேமதாச எதிர் விஜேவர்தன தீர்ப்பின்படி, பாதிக்கப்பட்டவர் வரலாம். பொதுமக்களில் ஒருவரும் வரலாம், ஆனால் அவருக்குப் போதிய அக்கறை இருக்க வேண்டும். கடமையைச் செய்யவைக்கக் கேட்பவருக்கு இன்னும் இறுக்கம். அந்தக் கடமை சட்டத்தில் "செய்ய வேண்டும்" என்று இருக்க வேண்டும், "செய்யலாம்" என்றிருந்தால் கடினம். செய்யும்படி நீங்கள் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். அவர் மறுத்திருக்க வேண்டும், அல்லது பதிலே தராமல் இருந்திருக்க வேண்டும். பதிவுத் தபாலில் கடிதம், தபால் துண்டு, நியாயமான காலம். இம்மூன்றும் இல்லாமல் போகாதீர்கள். றிட்டுக்கு நாட்கணக்கில் கெடு இல்லை. ஆனாலும் தாமதித்தவரை நீதிமன்றம் திருப்பி அனுப்பும். உங்கள் மனு வென்றால் யாருக்கெல்லாம் நட்டமோ அவர்களையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். வீட்டுப் பட்டியலை இரத்துச் செய்யக் கேட்டு, பட்டியலில் பெயருள்ளவர்களைச் சேர்க்காமல் விட்டால் மனு நிற்காது.

கோயில் கமிட்டி, மரணாதார சங்கம், இளைஞர் கழகம்

பதிவில்லாத சங்கத்துக்குச் சட்டத்தின் கண்ணில் உடம்பு இல்லை. முத்திரையும் கடிதத் தலைப்பும் அதை மாற்றாது. அப்படியான சங்கத்தின் பெயரில் மனுப்போட வேண்டாம். பலருக்கு ஒரே அக்கறை இருந்தால், சிவில் நடவடிக்கைமுறைக் கோவையின் 16ஆம் பிரிவின் கீழ் ஒருவரோ சிலரோ எல்லோர் சார்பிலும் வழக்கிடலாம். ஆனால் நீதிமன்றத்தின் அனுமதி முதலில் வேண்டும். மற்றவர்களுக்கு அறிவித்தலும் கொடுக்க வேண்டும். அனுமதி வாங்காமல் "தோட்ட மக்கள் சார்பில்" என்று எழுதுவது வெறும் சொல்.

கோயில் சொத்தில் மோசடி என்றால் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 102ஆம் பிரிவைப் பாருங்கள். கோயிலில் அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கு முன் மாவட்டச் செயலாளரிடம் விசாரணை கேட்டு மனுக் கொடுத்து, அவருடைய சான்றைப் பெற வேண்டும். நான்கு பேர் போதாது. ஆறேழு பேரைச் சேர்ப்பது நல்லது. ஒருவர் இடையில் விலகினாலும் வழக்கு கெடாது.

மற்றவருக்காக வழக்கிடுதல்

18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்காக "அடுத்த நண்பர்" ஒருவர் வழக்கிடுவார்; அவரை நீதிமன்றம் நியமிக்க வேண்டும். பிள்ளையின் நலனுக்கு எதிரான நலன் அவருக்கு இருக்கக் கூடாது. இறந்தவரின் சொத்துக்காக வழக்கிட, குறிப்பிட்ட பெறுமதிக்கு மேற்பட்ட ஆதனமென்றால், மரணச் சொத்து நிர்வாகப் பத்திரம் முதலில் தேவைப்படும். மத்திய கிழக்கில் இருக்கும் அக்காவுக்காக என்றால், அவர் அங்குள்ள தூதரகத்தில் அட்டோர்னித் தத்துவத்தை அத்தாட்சிப்படுத்தி அனுப்ப, இங்கே பதிவு செய்து, வழக்கை அக்காவின் பெயரிலேயே போட வேண்டும். தத்துவம் வைத்திருப்பவர் தன் பெயரில் வாதியாக வருவது அடிக்கடி நடக்கும் பிழை.

எதிராளியின் பெயர்

"தோட்டம்" என்பதும் சட்ட ஆள் அல்ல. "எக்ஸ் தோட்டம், தலவாக்கலை" என்று எதிராளியை எழுதினால் அந்தப் பெயரில் கட்டளையை நிறைவேற்ற யாரும் இருக்கமாட்டார்கள். சம்பளச் சீட்டின் தலைப்பில் கம்பனியின் பதிவுப் பெயர் இருக்கும். அதை எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். அரசுக்கு எதிரான சிவில் வழக்கில் சட்டமா அதிபரே பிரதிவாதி. அவருக்கோ, பதவி முறையில் வழக்கிடப்படும் அரச உத்தியோகத்தருக்கோ, சிவில் நடவடிக்கைமுறைக் கோவையின் 461ஆம் பிரிவின்படி ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அரசுக்கு எதிராக ஊழியர் ஒருவர் சம்பளத்துக்காக வழக்கிட முடியுமா என்பதே ஒரு காலத்தில் பெரிய போராட்டம். கேகாலைக் கச்சேரியின் தமிழ் எழுதுவினைஞர் கோடீஸ்வரன், சிங்களப் பரீட்சை எழுதாததால் சம்பள உயர்ச்சி மறுக்கப்பட்டு வழக்கிட்டார். அப்படி வழக்கிட அரச ஊழியருக்கு உரிமையே இல்லை என்று 1967இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 1969இல், அன்று நாட்டின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது. மொழிக் கேள்வி வரை போகவே அவர் அத்தனை வருடம் தகைமைக்காகப் போராட வேண்டியிருந்தது.

ஆட்சேபம் வந்துவிட்டால்

பதற வேண்டாம். சிவில் வழக்கில் அதே கோவையின் 18ஆம் பிரிவின் கீழ் ஆட்களைச் சேர்க்கவும் நீக்கவும், 93ஆம் பிரிவின் கீழ் வழக்குரையைத் திருத்தவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எவ்வளவு சீக்கிரம் கேட்கிறீர்களோ அவ்வளவு நல்லது. விசாரணைத் திகதி குறித்த பிறகு திருத்தம் கிடைப்பது அரிது. மத்தியஸ்த சபைக்குப் போய் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் எடுக்க வேண்டிய வழக்கை நேரே போட்டிருந்தாலும் இதே கட்டத்தில்தான் தெரியவரும். பெறுமதி குறைந்த காசு, காணித் தகராறுகளுக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயம்.

ஆவணம் போதாவிட்டால் தகவல் அறியும் உரிமையைப் பயன்படுத்துங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி எந்தப் பிரசையும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலைநாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். காணி யாருடையது, உங்கள் முறைப்பாட்டின் மேல் என்ன நடவடிக்கை என்பதையெல்லாம் வழக்குக்கு முன்பே இப்படி எடுத்துவிடலாம்.

சட்டத்தரணியிடம் போகும்போது அந்த ஐந்து வரித் தாள், அடையாள அட்டை, பெயர் பற்றிய சத்தியக் கடதாசி, சம்பளச் சீட்டுகள், சங்கச் சந்தா ஆதாரம், முறைப்பாட்டு இலக்கங்கள், பதிவுத் தபால் துண்டுகள் ஆகியவற்றை மூலமும் இரண்டு பிரதியுமாகக் கொண்டு போங்கள். மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். கட்டணத்துக்கு வழியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடலாம். பல நீதிமன்ற வளாகங்களிலேயே அது இருக்கிறது, வருமானம் பற்றிக் கிராம உத்தியோகத்தரின் கடிதம் கேட்பார்கள். மலையகத்து நீதிமன்றங்களின் பதிவுமொழி சிங்களம் என்றாலும், அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி மனுவைத் தமிழில் கொடுக்கவும் நடப்பதைத் தமிழில் மொழிபெயர்த்துக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத சிங்களச் சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைப்பதற்கு முன், அதைத் தமிழில் வாசித்து விளக்கியதாக அதன் அடியிலேயே குறிப்பு எழுதச் சொல்லுங்கள்.